பர்மா உளுந்தும் கரிசக்காட்டு உளுந்தும்

விருதுநகர் மார்க்கெட் நிலவரம்னு பேப்பர்ல வாராவாரம் போடுவாங்க. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், வத்தல், மல்லி, பருப்புன்னு வரிசையா விலை இருக்கும். டவுன்ல இருக்கிற நீங்க அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருப்பீங்க. எங்களுக்கு அதுதான் முதல் பக்கம். அதுல உளுந்துக்கு ஒரே விலை இருக்காது. நாடுன்னு ஒண்ணு, பர்மான்னு ஒண்ணு. அந்த நாடு 1989லயே மியான்மர்னு பேரை மாத்திக்கிட்டது. எங்க மார்க்கெட் அண்ணாச்சிமாருக்கு இன்னும் பர்மாதான். நானும் அப்படியே எழுதுறேன்.

நீங்க காலையில சாப்பிடுற இட்லியில, சாயங்காலம் டீக்கடையில கடிக்கிற வடையில பர்மா சம்சாரியோட உளுந்து இருக்கு. 2023-24ல மட்டும் 6 லட்சம் டன்னுக்கு மேல உளுந்து வெளியில இருந்து நம்ம நாட்டுக்கு வந்திருக்கு. அதுல பெரும்பகுதி பர்மா சரக்கு. அவங்க ஊர்ல அதுக்கு மட்பேன்னு பேரு. அவங்க சாப்பாட்டுல அதுக்குப் பெரிய இடம் கிடையாது, நமக்கு விக்கிறதுக்காகவே விதைக்கிறாங்க.

2021 ஜூன்ல இந்திய அரசாங்கமும் பர்மா அரசாங்கமும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அஞ்சு வருஷத்துக்கு, வருஷம் 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை, தனியார் வியாபாரிங்க மூலமா வாங்கிக்கிறதுன்னு பேச்சு. 2021-22ல ஆரம்பிச்ச அது 2025-26 வரைக்கும்னு கணக்கு. அதாவது 2026 மார்ச் 31. உளுந்தை வரி இல்லாம, இத்தனை டன்னுங்கிற கணக்கும் இல்லாம யாரும் இறக்கலாம்ங்கிற உத்தரவையும் அதே தேதி வரைக்கும்தான் போட்டிருந்தாங்க.  புதுப்பிக்கட்டும். வேணாம்னு சொல்ல வரல. எப்படிப் புதுப்பிக்கணும்னு சொல்றதுக்கு ஒரு சம்சாரிகிட்டயும் விஷயம் இருக்கு. அதைத்தான் எழுதுறேன்.

பர்மா நமக்கு அந்நியம் இல்ல, பாத்துக்கிடுங்க. 1937 வரைக்கும் அதுவும் வெள்ளைக்காரன் இந்தியாவோட சேர்ந்துதான் இருந்துச்சு. செட்டியார்மாரு அங்க போயி வட்டிக்கடை நடத்துனாங்க. 1930களில நெல் விலை விழுந்தப்போ கடனைக் கட்ட முடியாத பர்மா சம்சாரிங்க நிலம் கைமாறி, கீழ் பர்மாவுல நெல் விளையுற பூமியில நாலுல ஒரு பங்கு செட்டியார்மாரு கைக்கு வந்துருச்சு. அந்தக் கோவம் அவங்களுக்கு லேசுல ஆறல. 1942ல ஜப்பான்காரன் வந்தப்போ நம்ம சனம் நடந்தே ஊர் வந்தது. சுதந்திரம் வந்த பிறகு 1954ல நேரு அரசாங்கம் பர்மாகிட்ட 9 லட்சம் டன் அரிசி வாங்குச்சு. 1962ல அங்க ராணுவம் வந்துச்சு, கடைகளை அரசாங்கமே எடுத்துக்கிட்டதும் மிச்சமிருந்த நம்மாளுகளும் கப்பல் ஏறி வந்துட்டாங்க. ஊருக்கு ஊரு பர்மா காலனி, சென்னையில பர்மா பஜார் எல்லாம் அப்படி வந்ததுதான். விருதுநகருக்கு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட வந்தீங்கன்னா பர்மா கடை எங்கன்னுதானே முதல்ல கேப்பீங்க!

செட்டியார்மாரு நெல்லுக்குக் கடன் கொடுத்த அதே பெகு, ஐராவதி பக்கத்துலதான் இன்னைக்கு நமக்கு உளுந்து விளையுது. நெல்லு அறுத்த ஈரத்துல விதைக்கிறாங்க, நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் தரிசுல தெளிக்கிற மாதிரி.

இப்ப கதைக்கு வர்றேன். 2015ல துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய்க்குப் போனது உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். மழை பொய்ச்ச வருஷம். நாடு பூராவும் 2015-16ல எல்லாப் பயறும் சேர்த்து விளைஞ்சது 163 லட்சம் டன்தான். டவுன்ல சத்தம் வந்ததும் டெல்லி ஓடுச்சு. 2016 ஜூலையில பிரதமர் மொசாம்பிக் நாட்டுக்குப் போனப்போ துவரை வாங்க ஒப்பந்தம் ஆச்சு. முதல் வருஷம் 1 லட்சம் டன், அப்புறம் கூட்டிக்கிட்டே போயி 2 லட்சம் டன். இங்க எங்ககிட்டயும் பயறு விதைங்க, விதைங்கன்னு சொன்னாங்க. விதைச்சோம். 2016-17ல விளைச்சல் 231 லட்சம் டன். விலை என்ன ஆகும்? ஆதரவு விலைக்குக் கீழ போயிருச்சு. எங்க ஆளுக அடிமாட்டு விலைக்கு வித்து முடிச்ச பிறகு, 2017 ஆகஸ்ட்ல வந்து கதவைச் சாத்துனாங்க. துவரை 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன், அதுக்கு மேல இறக்கக்கூடாதுன்னு உத்தரவு.

அன்னைக்கு நம்ம பக்கம் நிறைய பேரு கைதட்டுனாங்க. பர்மாவுல என்ன ஆச்சுன்னு யாரும் பாக்கல. முந்தின வருஷம் இந்தியாக்காரன் நல்ல விலை கொடுக்கிறான்னு அவங்க கூடுதலா விதைச்சிருந்தாங்க. வாங்குறதுக்கு நம்மளை விட்டா பெருசா ஆள் கிடையாது. விலை தலைகுப்புற விழுந்துச்சு. அவங்க அரசாங்கத்து ஆளுக டெல்லிக்கு வந்து கெஞ்சிப் பாத்தாங்க. ஒரு ராத்திரி வந்த உத்தரவுல, கடன் வாங்கி விதைச்ச பெகு சம்சாரி மாட்டிக்கிட்டான். அதுக்கு எட்டு மாசம் முன்ன மாட்டுனது நாங்க. ரெண்டு பேரையும் மாட்டி விட்டது ஒரே மேசைதான்.

அதுக்கப்புறமும் பாருங்க. 2019ல வடக்க மழையில உளுந்து அழிஞ்சு போச்சு. சரி, குறையுது, இறக்குமதி வேணும். அந்த டிசம்பர்ல, 1.5 லட்சம் டன்னா இருந்த உளுந்து அளவை 4 லட்சம் டன் ஆக்குனாங்க. டிசம்பர்னா எங்களுக்கு மார்கழி. காட்டுல நெத்து முத்தி நிக்கிற நேரம். 2021 மே 15ஆம் தேதி, வருஷத்துக்கு இம்புட்டுங்கிற அளவையே எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் ஒப்பந்தம் வருது, வருஷம் 2.5 லட்சம் டன்னுன்னு. கதவு பூராவும் திறந்து கிடக்கிறப்போ 2.5 லட்சம்ங்கிற எண்ணுக்கு என்ன அர்த்தம்? அதான் 6 லட்சத்துக்கு மேல வந்துச்சு. காகிதத்துல இருக்கிறது ஒரு அளவு, துறைமுகத்துல இறங்குறது ஒரு அளவு.

உளுந்து நம்ம நாட்டுல பத்தாது, ஒத்துக்கிறேன். பர்மா சரக்கு இல்லைன்னா உங்க வீட்டு மாவு விலை ஏறும், அதையும் ஒத்துக்கிறேன். மாசச் சம்பளத்துல குடும்பம் ஓட்டுறவங்க கஷ்டம் எனக்குத் தெரியும், என் கூடப் பொறந்தவங்க பிள்ளைகளும் சென்னையில, திருப்பூர்லதான் இருக்காங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். காட்டுல உளுந்து குவிண்டாலுக்கு 1,000 ரூபாய் இறங்குனா கிலோவுக்கு 10 ரூபாய். அதுக்காக உங்க தெரு ஹோட்டல்ல இட்லி விலை எப்பவாவது இறங்கிப் பாத்திருக்கீங்களா?

எங்க கணக்கைச் சொல்றேன். வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் மானாவாரியில ஏக்கருக்கு ரெண்டரைக் குவிண்டால் வந்தா நல்ல வெள்ளாமை. மஞ்சத் தேமல் விழுந்தா அதுவும் இல்ல. 2025-26ல ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அப்படியே கிடைச்சா ஏக்கருக்கு 19,500. மார்க்கெட் 6,500க்கு இறங்குனா 16,250. நடுவுல போற 3,250 ரூபாய் உங்களுக்குச் சின்னத் தொகையாத் தெரியலாம். உளுந்து புடுங்குற கூலியும், களத்துல போட்டு அடிக்கிற செலவும் அதுக்குள்ளதான் இருக்கு.

கூலிக்கு ஆள் கிடைக்கிற கதை எங்க ஊருக்குன்னே தனி. காலையில ஏழு மணிக்குப் பட்டாசு ஆலை வண்டி ஊருக்குள்ள வந்து பொம்பளைகளை ஏத்திக்கிட்டுப் போயிரும். தீபாவளி முடிஞ்சு ஆலைகளை மூடி வச்சிருக்கிற இந்த ஒரு மாசம்தான் காட்டு வேலைக்கு ஆள் சிக்கும். களை எடுப்பு இப்ப ஓடிருச்சு. உளுந்து புடுங்குற தை மாசத்துல ஆலைங்க மறுபடி ஓட ஆரம்பிச்சிருக்கும், ஆள் கிடைக்காது. அதனாலயே நிறைய பேரு மக்காச்சோளத்துக்கு மாறிட்டாங்க. மிஷின் வந்து அறுத்துட்டுப் போயிரும், நாமக்கல் கோழிப்பண்ணைக்கு லோடு போகும். காட்டுப்பன்னி தொல்லை மட்டும் இல்லைன்னா ஒரு உளுந்துச் செடி இந்தப் பக்கம் நிக்காது.

பட்டாசுன்னு சொன்னதும் ஒண்ணு தோணுது. சீனப் பட்டாசு சிவகாசிப் பட்டாசை விட விலை குறைவு. ஆனா அதை யாரும் நினைச்சபடி இறக்க முடியாது. லைசென்ஸ் வேணும், லைசென்ஸ் கொடுக்குறதும் இல்ல. 2025 அக்டோபர்ல கூட தூத்துக்குடி துறைமுகத்துல வேற சரக்குன்னு பொய் சொல்லிக் கொண்டு வந்த சீனப் பட்டாசைக் கண்டெய்னரோட பிடிச்சாங்க. சரியான வேலை. சிவகாசி பொறந்ததே அப்படித்தான். 1923 வாக்குல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போயி தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்கன்னு எல்லாரும் சொல்வோம். அதுக்குக் கொஞ்சம் முன்னதான் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு வெள்ளைக்காரன் அரசாங்கம் கனமா வரி போட்டிருந்துச்சு. அது வருமானத்துக்காகப் போட்ட வரிதான். இருந்தாலும் அந்த வரி இல்லாம இருந்திருந்தா சுவீடன்காரன் தீப்பெட்டி முன்னால நம்ம தீப்பெட்டி நின்னிருக்குமா? ரெண்டு பேரோட உழைப்பு பெருசுதான், கூடவே அசையாத ஒரு வரியும் இருந்துச்சு.

பட்டாசு ஆலை முதலாளி அடுத்த தீபாவளிக்கு இந்தக் கார்த்திகையிலயே திட்டம் போடுறாரு. சீனச் சரக்கு வந்துரும்ங்கிற பயம் இல்லாம கடன் வாங்குறாரு. கோர்ட்டு, பேரியம், லைசென்ஸ்னு அவருக்கு வேற தலைவலி ஆயிரம் இருக்கு, அது தனிக்கதை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் உளுந்து விதைக்கிற எனக்குத் தை மாசம் துறைமுகக் கதவு திறந்திருக்குமா மூடியிருக்குமான்னு தெரியாது. தெரிஞ்சுக்க வழியும் இல்ல.

விலை எப்படி இறங்குதுன்னு பாத்திருக்கேன். கப்பல் வந்து நிக்கணும்னுகூட இல்ல. ரெண்டு வருஷம் முன்ன ஒரு கமிஷன் கடையில மாதிரி காட்டி விலை பேசிட்டு, மறுநாள் மூட்டையோட போனேன். "அண்ணாச்சி, ராத்திரி போன் வந்துச்சு, பர்மா சரக்கு நிறைய ஏறுதாம், இன்னைக்கு 400 கம்மி"ன்னு சொல்லிட்டாங்க. சரக்கு அங்கதான் இருக்கு, கப்பல்ல கூட ஏறல. வண்டி வாடகை கொடுத்துக் கொண்டு போன மூட்டையைத் திருப்பியா கொண்டு வர முடியும்? போட்டுட்டு வந்தேன்.

இதுல மாசம்தான் முக்கியம். எங்க கரிசக்காட்டுல புரட்டாசிக் கடைசி, ஐப்பசியில விதைப்பு. மார்கழி, தையில சரக்கு வீட்டுக்கு வந்துரும். டெல்டாவுல தரிசு உளுந்து பங்குனி, சித்திரையில வரும். பர்மாவுல கார்த்திகை வாக்குல விதைச்சு மாசி, பங்குனியில எடுப்பாங்க. அவங்க புதுச் சரக்கு சென்னையில இறங்குற நேரமும் தமிழ்நாட்டு உளுந்து மார்க்கெட்டுக்கு வர்ற நேரமும் ஒண்ணு மேல ஒண்ணு விழுது. சென்னைதான் பர்மா உளுந்துக்குப் பெரிய மார்க்கெட். இடி முதல்ல விழுறது தமிழ்நாட்டுச் சம்சாரி தலையிலதான், மத்தியப் பிரதேசத்துக்காரனுக்கு அது ஆறு மாசம் கழிச்சுத்தான் போயிச் சேரும். டெல்லியில உக்காந்து மொத்த டன் கணக்கு மட்டும் பாக்கிறவங்களுக்கு இது தெரியாது.

அந்தப் பக்கத்து சம்சாரிக்காவது இந்த ஒப்பந்தத்தால லாபமான்னு பாத்தா அதுவும் முழுசா இல்ல. 2021 பிப்ரவரி 1ல அங்க ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுச்சு. நாலு மாசம் கழிச்சு நாம ஒப்பந்தம் போடுறோம். சண்டை நடக்கிற ஊர்ல விதை, உரம், டீசல் எல்லாம் என்ன விலை விக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அதோட ஏற்றுமதி பண்றவங்க சம்பாதிக்கிற டாலர்ல ஒரு பங்கை அரசாங்கம் வச்ச ரேட்டுக்குத்தான் மாத்தணும்னு அங்க சட்டம் போட்டுட்டாங்க. டாலருக்கு 2,100 கியாட். வெளி மார்க்கெட்ல அதைப்போல ரெண்டு மடங்கு இருந்துச்சு. ஏற்றுமதிக்காரர் அந்த நஷ்டத்தைத் தன் தலையிலயா வச்சுக்குவாரு? உளுந்து கொண்டு வர்றவன்கிட்டதான் கழிப்பாரு. 2024ல இருந்து டாலர் இல்லாம ரூபாய்க்கும் கியாட்டுக்கும் நேரடியா கணக்குத் தீர்க்கிற ஏற்பாடு பஞ்சாப் நேஷனல் பேங்க் மூலமா வந்திருக்கு. நல்ல ஏற்பாடுதான். அதுல மிச்சமாகிற காசு எந்தக் களத்துக்குப் போகுதுன்னு எந்த ஒப்பந்தத்துலயும் எழுதல. 2025 மார்ச் 28ல மண்டலே, சகாயிங் பக்கம் பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கான சனம் செத்துப் போச்சு. நம்ம அரசாங்கம் கப்பல், விமானம் எல்லாம் அனுப்பி உதவி பண்ணுச்சு. சந்தோசம். அப்படிப்பட்ட உறவு இருக்கிற நாட்டுக்கிட்ட வியாபாரத்துலயும் ஒரு நிதானம் இருக்கலாம் இல்லையா?

சரி, என்ன பண்ணலாம்ங்கிறீங்களா? என் புத்திக்கு எட்டினதைச் சொல்றேன்.

புது ஒப்பந்தத்துல வருஷத்துக்கு இத்தனை டன்னுன்னு மட்டும் எழுதாம மாசத்துக்கு இத்தனைன்னு எழுதணும். தை, மாசி, பங்குனி மூணு மாசமும் இறக்குமதி குறைவா இருக்கட்டும், வைகாசியில இருந்து கூட்டிக்கலாம். உளுந்து வச்சிருந்தா கெட்டுப் போற பொருள் இல்ல. பர்மாக்காரங்க அதுவரைக்கும் இருப்பு வைக்கக் குடோனும் கடனும் வேணும், அதுக்கு நாம உதவலாம். ரோடு போடுறதுக்கும் துறைமுகம் கட்டுறதுக்கும் அந்த நாட்டுல நாம செலவழிச்ச காசுக்கு முன்னால அது எம்மாத்திரம்?

அடுத்தது வரி. வந்து இறங்குற சரக்கு நம்ம ஆதரவு விலைக்குக் கீழ இருந்தா வரி தானா ஏறணும். விலை ரொம்பக் கூடிப் போனா வரி தானா இல்லாமப் போகணும். அந்தக் கோட்டை ரெண்டு நாட்டு சம்சாரிக்கும் விதைப்புக்கு முன்னாலயே சொல்லிரணும். நடுவுல மாத்தக் கூடாது. முடியாத காரியம் ஒண்ணும் இல்ல. மஞ்சப் பட்டாணியை ரெண்டு வருஷமா வரி இல்லாம விட்டவங்க, சம்சாரிங்க கத்துனதும் 2025 நவம்பர் 1ல இருந்து 30 சதவீதம் வரி போட்டாங்க. அதையும் திடுதிப்புனுதான் போட்டாங்கங்கிறது வேற விஷயம்.

ஆதரவு விலைதான் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. 2024-25ல 7,400, 2025-26ல 7,800. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல அடங்கல், ஆதார், பேங்க் புக் எல்லாம் கொடுத்துப் பதியணும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. தை மாசப் பனியில உளுந்தைக் காய வச்சு 12க்குக் கொண்டு வந்து பாருங்க, தெரியும். காஞ்சு முடியிறதுக்குள்ள கடன்காரர் வாசலுக்கு வந்துருவாரு. 2025 அக்டோபர் 11ல பருப்புத் தற்சார்புத் திட்டம்னு 11,440 கோடி ரூபாய்க்குத் தொடங்கி வச்சிருக்காங்க. துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு மூணையும் பதிஞ்ச சம்சாரிகிட்ட இருந்து நாலு வருஷத்துக்கு முழுசா வாங்கிக்கிறதாச் சொல்றாங்க. வாங்குனா சந்தோசம். ஆனா ஒரு கையில நீ விதை, நான் வாங்கிக்கிறேன்னு சொல்லிக்கிட்டு, இன்னொரு கையில அறுப்பு நேரத்துல கப்பலைக் கூப்பிட்டா எப்படிங்க அந்தத் திட்டம் நிக்கும்? அந்தப் பணத்துல பாதி விலையைத் தூக்கி நிறுத்தவே போயிரும்.

இதை எல்லாம் உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, டெல்லிக்கு எங்க சத்தத்தை விட உங்க சத்தம்தான் கேக்கும். 2015லயும் கேட்டுச்சு. எம்.பி. யாராவது உங்க பக்கம் வந்தா, பர்மா ஒப்பந்தத்துல மாசக் கணக்கு இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டு வைங்க. நான் எங்க தொகுதி ஆளைக் கேக்குறேன்.

காட்டுல இப்ப வம்பன் 8 பூ எடுத்து நிக்குது. போன வாரம் ஒரு நல்ல மழை. இன்னும் ஒரு மழை போதும், அதுக்கு மேல பெஞ்சா பூ கொட்டிரும்.